என் வீட்டுக்காரரின் முழங்கால்கள்

எங்கள் சந்தியில் புதிதாகத் திறந்திருக்கும் அழகு நிலையத்தின் கண்ணாடியில் ஒரு விளம்பரம் ஒட்டியிருக்கிறார்கள். 'புத்தாண்டில் புதிய சருமம்.' அதைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் சிரிப்பு வரும், பிறகு எரிச்சல் வரும். வருடத்துக்கு ஒரு தோல் வேண்டுமென்றால் பாம்பாய்ப் பிறந்திருக்க வேண்டும்.

போன சித்திரைக்கு முதல் கிழமை அந்தக் கடைப் பிள்ளை என்னை வலிய அழைத்து உட்காரவைத்து ஒரு தாளைத் தந்தாள். புது வருடத்துக்கான ஆரோக்கிய இலக்குகளை அதில் எழுத வேண்டுமாம். எத்தனை போத்தல் தண்ணீர் குடிப்பேன், எத்தனை மணி நேரம் தூங்குவேன், முகத்துக்கு என்ன, கழுத்துக்கு என்ன என்று வரிவரியாகக் கோடு போட்டிருந்தது. கடைசியில், 'நாம் மறந்துவிடும் இடங்கள்: முழங்கை, முழங்கால்' என்று ஒரு தலைப்பு.

"முழங்காலத்தான் அன்ரி ஒருத்தரும் கவனிக்கிறல்ல," என்றாள்.

அவள் பிறந்ததே சண்டை முடிகிற காலத்தில். எங்கள் முழங்கால்களை ஒரு காலத்தில் யார் யார் எவ்வளவு அக்கறையாகக் கவனித்தார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பி வந்துவிட்டேன். அன்று மீன் கழுவிய பிறகு கத்தியைத் துடைக்க அது உதவியது.

எனக்கும் ஒரு வருடம் இலக்கு இருந்தது. அதுவும் முழங்கால்தான். என் வீட்டுக்காரரின் முழங்கால்.

அவர் நிலம், அதாவது வீட்டுத் தரை, போடுகிற மேசன். சுவர் கட்டுகிற மேசன்மார் நின்று வேலை செய்வார்கள். நிலம் போடுகிறவர் நாளெல்லாம் முழங்காலில் நிற்க வேண்டும். இடது முழங்கையை ஊன்றிக்கொண்டு, வலது கையில் இரும்புத் தகட்டைப் பிடித்துச் சிவப்புச் சாயம் கலந்த சீமெந்தை மினுங்க மினுங்கத் தேய்க்க வேண்டும். ஆரையம்பதியிலும் அதைச் சுற்றியும் அவர் போட்ட நிலங்களில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம் என்று சனம் சொல்லும். கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும், ஆனாலும் எனக்குக் கேட்க ஆசையாக இருக்கும். அந்த வேலை அவருக்குக் கொடுத்த சன்மானம் இரண்டு முழங்காலிலும் இடது முழங்கையிலும் தடித்துக் கறுத்த காய்ப்பு. சட்டியின் அடி மாதிரி இருக்கும்.

அது முழங்கையையும் முழங்காலையும் சோதிக்கிற காலம். ஆமியின் காவலரணை நாங்கள் சென்றி என்போம். சென்றியில் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுச் சேட்டைக் கழற்றச் சொல்வார்கள், சாரத்தைத் தூக்கச் சொல்வார்கள். தோளில் துவக்கு வார் பட்ட தழும்பு இருக்கிறதா, நிலத்தில் ஊர்ந்து இயக்கப் பயிற்சி எடுத்த அடையாளம் முழங்கையிலோ முழங்காலிலோ இருக்கிறதா என்று தேடுவார்கள். அந்த மார்கழியில் எங்கள் ஒழுங்கையைச் சுற்றிவளைத்தபோது, அடுத்த வளவில் இருந்த தேங்காய் பறிக்கிறவரைக் கொண்டுபோனார்கள். அவருடைய முழங்கையில் மரம் உரசித் தோல் வழன்றிருந்தது. மாசியில்தான் விட்டார்கள். வந்தார், ஆனால் பேச்சு வரவில்லை. படலையைத் திறக்கிற சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே போவார்.

அவரைக் கொண்டுபோன அன்றே எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது. என் மனுசனின் முழங்காலைப் பார்க்கிறேன், பார்க்கிறேன், வேறொன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. சித்திரை பிறந்து அவர் தலையில் புத்தாண்டுக் குளிப்புக்கான மருத்துநீர் படுவதற்குள் அந்த முழங்கால் கந்தோரில் கதிரையில் இருந்து எழுதுகிறவரின் முழங்கால் மாதிரி ஆகிவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன். இலக்கு என்றால் அதுதான் இலக்கு. தவறினால் ஆளே இல்லை.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நாலு பேரிடம் சொன்னேன். அன்றிலிருந்து ஒழுங்கையில் எல்லோரும் தோல் வைத்தியர்தான். ஒருத்தி தேங்காயெண்ணெயும் மஞ்சளும் என்றாள், ஒருத்தி பழப்புளி என்றாள், இன்னொருத்தி பப்பாசிப் பழத்தை மசித்துக் கட்டு என்றாள். தன் காலில் பித்தவெடிப்பை வைத்துக்கொண்டு எனக்குப் பக்குவம் சொன்னவளும் உண்டு. நானும் ஒன்றையும் விடவில்லை. பின்னேரம் வேலை முடிந்து வருகிற மனுசனைக் கிணற்றடியில் இருத்தி, தேங்காய்த் தும்பால் உரஞ்சி, எலுமிச்சைக் கோதால் தேய்த்து, பப்பாசி பூசி வைப்பேன். முழங்காலில் பப்பாசியோடு அவர் இருக்க, காகம் வந்து கொத்தப் பார்க்கும்.

"சட்டியத் தேய்ச்சாலும் உனக்கு இதுக்குள்ள வெளிச்சிருக்கும் புள்ள," என்பார்.

அடுத்த நாள் போய் மறுபடியும் சீமெந்தில் முழங்காலை ஊன்றிவிட்டு வருவார். என் ஒரு பின்னேர வேலை அரைநாளில் போய்விடும். பழைய சாரத்தைக் கிழித்து, பஞ்சு வைத்து, முழங்காலுக்குக் கட்ட மெத்தை தைத்துக் கொடுத்தேன். எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"முழங்காலுக்குத் தலகணி கட்டின மேசன ஆரும் கண்டிரிக்கா? சென்றியில கேட்டா என்னெண்டு சொல்லுற?"

பங்குனியில் என் மச்சாள் வந்து சேர்ந்தா. அவருக்கு அக்கா, பெரியகல்லாற்றில் இருக்கிறவ. குவைத்தில் மூன்று வருடம் வீட்டு வேலை செய்துவிட்டு வந்திருந்தா. அங்கே அவவைத் தூங்க விடாமல் வேலை வாங்கியிருக்கிறார்கள். ஆனால் இங்கே வந்து இறங்கியபோது சீமாட்டியே இறங்கியது போலத்தான் இருந்தது. பெட்டியைத் திறந்தால் பத்து விதமான கிறீம். எனக்கென்று ஒரு ரியூப் கொண்டு வந்திருந்தா.

"மச்சாள், இத பூசினா ஒரு மாசத்துல நீங்க வெள்ளையாகிடுவீங்க. தம்பிக்குப் பக்கத்துல நிக்கக்குள்ள ஒரு வடிவு வேணாமா?"

தம்பி என்ன பால் நிறமா? இரண்டு பேரும் ஒரே அடுப்புக் கரிதான். ஊரில் நாளைக்கு ஆர் இருப்பார் ஆர் இல்லை என்று தெரியாத நேரத்தில் இவவுக்கு என் நிறம் கவலை. மனதுக்குள் நல்ல வார்த்தை நாலு சொல்லிக்கொண்டு ரியூப்பை வாங்கி வைத்தேன். அவ போன பிறகு அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அவவை இளக்காரமாக நினைத்த அதே மூளைக்குள்தான் அந்த எண்ணமும் வந்தது. முகத்தை வெளுக்கப் பண்ணுகிற சாமான் முழங்காலை விட்டுவிடவா போகிறது?

இருபது நாள் காலையும் மாலையும் முழங்காலிலும் அந்த இடது முழங்கையிலும் பூசினேன். அந்த நாட்களில் வேலைக்கும் விடவில்லை, காய்ச்சல் என்று ஆள்விட்டுச் சொன்னேன். முதலில் எரிந்தது. பிறகு தோல் உரிந்தது. காய்ப்பு தகடு தகடாகக் கழன்று வந்தபோது நான் சந்தோசத்தில் அழுதேன். உள்ளே இருந்து வந்தது இளஞ்சிவப்புத் தோல், குழந்தையின் உள்ளங்கால் மாதிரி. சித்திரை அன்று கோயிலில் இருந்து கொண்டுவந்த மருத்துநீரை அவர் தலையில் வைக்கும்போது குனிந்து முழங்காலைத்தான் பார்த்தேன். நினைத்ததைச் செய்து முடித்துவிட்டேன் என்று அவ்வளவு பெருமை.

புதுவருடத்தில் நல்ல நேரம் பார்த்துத்தான் தொழில் தொடங்குவோம். பஞ்சாங்கத்தில் இருந்த நாளில், வந்தாறுமூலையில் ஒரு வாத்தியார் வீட்டு நிலத்துக்கு முதல் சீமெந்து வைக்க, அவர் காலையிலேயே சைக்கிளில் வெளிக்கிட்டார். பத்து மணிக்கு அந்தச் சைக்கிளை வேறொருவர் உருட்டிக்கொண்டு வந்தார். பாலத்தடிச் சென்றியில் இவருக்கு முன்னால் வரிசையில் நின்ற மீன்காரர்.

"தங்கச்சி, ஆளப் புடிச்சிற்றாங்க," என்றார். "என்ர முழங்காலப் பாத்தான், போ எண்டான். எனக்கு முன்னுக்கு நிண்ட வயல்காரன்ரயும் பாத்தான், போ எண்டான். எங்கட எல்லாம் கறுப்புத்தானே. இவர்ர மட்டும் செவசெவண்டு புதுத்தோல். என்னத்தையோ மறைக்க உரிச்சிருக்கெண்டு ஏத்திற்றாங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊரில் வயல் செய்கிறவன், வள்ளம் தள்ளுகிறவன், விறகு கொத்துகிறவன் எல்லோருக்கும் கறுத்த முழங்கால். ஆமி அதைத் தினமும் பார்க்கிறான். தேங்காய் பறிக்கிறவரைக் கொண்டுபோனது காய்ப்புக்காக அல்ல, புதுக்காயத்துக்காக. அது எனக்கு அதுவரை விளங்கவில்லை. ஆயிரம் கறுத்த முழங்கால்களுக்கு நடுவே ஒளிந்து நின்ற மனுசனை நானே பிடித்து, உரித்து, வெளிச்சம் போட்டு அனுப்பியிருக்கிறேன். மச்சாளைப் பார்த்து எள்ளி நகையாடிய நான்தான் அவவைவிடப் பெரிய முட்டாள்.

அந்த ரியூப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு முகாம் வாசலுக்கு ஓடினேன். கொஞ்சம் தமிழ் தெரிந்த ஒரு ஆமிக்காரன் வந்தான். ரியூப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது மூஞ்சிக்குப் போடுறதுதானே? கால்ல ஏன் போட்டது?"

"கறுத்த முழங்காலெண்டா நீங்க புடிப்பீங்க எண்டு பயந்து நான்தான் போட்டன் ஐயா. அவர் நிலம் போடுற மேசன்."

அவன் உள்ளே போய்ச் சொன்னான். உள்ளேயிருந்து பெரிய சிரிப்புச் சத்தம் வந்தது. ஒருவன் பின்னால் ஒருவனாக வந்து என் முகத்தையும் ரியூப்பையும் பார்த்துவிட்டுப் போனார்கள். சிரிக்கட்டும், சிரித்தால் விட்டுவிடுவான் என்று நானும் சேர்ந்து பல்லைக் காட்டினேன். அந்தச் சிரிப்பை இன்றுவரைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை, அவர்களுடையதை அல்ல, என்னுடையதை.

"எங்க அப்பாவும் வயல் செய்றது. அவருக்கும் முழங்கால் கறுப்பு," என்றான் தமிழ் தெரிந்தவன், கொஞ்சம் தணிந்த குரலில். பிறகு, "மேசன்தானே? செஞ்சு காட்டட்டும்," என்றான்.

முகாமுக்குள் பதினொரு நாள் நிலம் போட்டுக் காட்டினார். நானும் பதினொரு நாள் சோற்றுப் பார்சலோடு வாசலில் நின்றேன். பன்னிரண்டாம் நாள் விட்டார்கள். அடிக்கவில்லை என்றார், நம்பினேன். இரண்டு முழங்காலும் பழையபடி கறுக்கத் தொடங்கியிருந்தன. நான் அவற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் அழவில்லை.

ஐந்தாறு நாள் கழித்து, கிணற்றடியில் இருந்துகொண்டு தானாகவே சொன்னார்.

"ஒரு அறை புள்ள. சன்னல் ஒண்டும் இல்ல. நிலத்த ஒரு மூலைக்குச் சரிவா வைக்கச் சொன்னாங்க. அந்த மூலையில சுவர்ல ஒரு ஓட்டை. ஒரு சொட்டுத் தண்ணியும் தேங்கப்படாதாம்."

எதைக் கழுவிவிட அப்படி ஓர் அறை என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே இரண்டு பேருக்கும் விளங்கியிருந்தது.

"பிழையாப் போடுவமெண்டுதான் நினைச்சன்," என்றார். "கை கேக்கல்ல. நல்லாத்தான் போட்டிருக்கன்."

அதற்குப் பிறகும் பல வருடம் அவர் நிலம் போட்டார். வயிறு இருக்கிறதே. சிவப்புச் சாயம் மட்டும் கலக்க மாட்டார், எவ்வளவு கேட்டாலும் சாம்பல் நிறம்தான். இப்போது வயதாகிவிட்டது, வீட்டில்தான் இருக்கிறார். முழங்கால் காய்ப்பு அப்படியே இருக்கிறது. நான் அதில் எண்ணெய்கூட வைப்பதில்லை.

ஆனால் வீட்டில் எங்காவது தண்ணீர் சிந்திவிட்டால், கதிரையிலிருந்து எழும்பி வந்து, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பார். கூப்பிட்டாலும் காது கேட்காது. நான் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டுத் துணியோடு ஓடிப்போய், அது மூலைக்குப் போய்ச் சேருமுன் துடைத்துவிடுவேன்.