ஜெர்மன்காரரின் குதிகால்

எங்கள் அண்ணன் கெட்டது ஒரு ஜெர்மன்காரரால் என்று நான் சொன்னால் வீட்டில் யாரும் சிரிப்பதில்லை. அந்த மனிதர் கால்பந்து ஆடி நாங்கள் பார்த்ததுகூட இல்லை. அவர் பந்தை விட்டுப் பல வருடம் கழித்து, எண்பதுகளில், ராஜபாளையம் நூலகத்துப் பழைய விளையாட்டுப் பத்திரிகை ஒன்றில் அண்ணன் அவரைக் கண்டுபிடித்தான். குள்ளமான ஆள், வழுக்கை. ஆனால் தலையால் முட்டிக் கோல் போடுவதில் சூரர். வெளிநாட்டுக்காரர்கள் பெரும்பணம் தருகிறோம் என்று கூப்பிட்டும் சொந்த ஊர் அணியை விட்டுப் போகவில்லை. குதிகால் நரம்பு அறுந்தும் திரும்பி வந்து ஆடினார். இதையே சோறு தின்னும்போதும் சொல்வான். எனக்குக் காது புளித்துவிட்டது.

அண்ணனும் கோல் போடுகிறவன்தான். அதற்காகவே ஒரு மில்லில் அவனைத் தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். மில் டீமில் ஆடுகிறவனுக்குப் பகல் ஷிப்ட், சாயங்காலம் பிராக்டீஸ், நன்றாக ஆடினால் ஒருநாள் பெர்மனென்ட். அந்த ஒருநாள் என்றைக்கு என்று யாரும் கேட்பதில்லை. அப்போதுதான் கோயமுத்தூர் மில் ஒன்று, வந்ததுமே பெர்மனென்ட் வேலை என்று ஆள் அனுப்பியது. அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"ஏலே, வீடு தேடி வருத சீதேவிய எட்டி ஒதைக்காத."

"அந்த ஜெர்மன்காரரு போனாரா? நான் மட்டும் ஊர விட்டுப் போவனாக்கும்?"

"அவருக்குக் கட்டிக்கொடுக்க தங்கச்சி இருந்தாளான்னு கேட்டுட்டு வா," என்றேன் நான். அம்மா என்னைக் கிள்ளினாள்.

அவன் போகவில்லை. அடுத்த போட்டி ஸ்ரீவில்லிபுத்தூரில். ஓடிக்கொண்டிருந்தவன், யாரோ பின்னாலிருந்து குதிகாலில் உதைத்ததுபோலத் திரும்பிப் பார்த்தான். பின்னால் ஒருவருமில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஊர் ஊராக ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜ் துணி நெய்து அனுப்புகிற பக்கம் எங்கள் பக்கம். தறிச் சத்தத்தில்தான் தூங்கி எழுந்தோம். ஆனாலும் கால் போனால் எங்களுக்கு வைத்தியர் கட்டுதான். முட்டை வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்து இறுக்கினார். எலும்பு முறிவுக்குப் போடுகிற கட்டு அது. அறுந்த குதிகால் நரம்பை உடனே தைத்திருக்க வேண்டும் என்று பிறகு மதுரை டாக்டர் சொன்னபோது காரியம் கைமீறிப் போயிருந்தது. ஜெர்மன்காரர் ஆபரேஷன் செய்துகொண்டதை அந்தப் பத்திரிகை எழுதவில்லையா, இவன்தான் படிக்கவில்லையா, தெரியாது. அவர் திரும்பி வந்ததை மட்டும் எல்லோரும் நம்பினோம். நானும் நம்பினேன்.

கட்டைப் பிரித்ததும் மைதானத்தில் இறங்கினான். ஓட வரவில்லை. மில் ஆபீசர் கூப்பிட்டு, "கால் சரியானதும் வாப்பா, பாப்போம்," என்றார். கால் சரியாகவில்லை. பேண்டேஜ் துணி மடிக்கிற ஷெட்டில், உட்கார்ந்தே பார்க்கிற வேலைக்குப் போனான்.

தொண்ணூறுகளில் நான் வத்திராயிருப்பில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். ஒருமுறை பிறந்த வீட்டுக்கு வந்தபோது, பேப்பரில் அந்த ஜெர்மன்காரர் படம். கிழவராகிவிட்டார். இன்னும் அவர் தெருவில் இறங்கினால் ஊரே கூடி நின்று கைகொடுக்கிறதாம். அண்ணனுக்குச் சோறு கொண்டுபோன கையோடு அதையும் கொண்டுபோய்த் துணிக் குவியல்மேல் போட்டேன். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"பாத்துக்க. இந்தாள நம்பித்தான கோயமுத்தூரு வேலைய விட்ட? அவருக்கு ஊரே எந்திரிச்சு நிக்கி. ஒன்ன அந்த மில்லு வாசல்ல யாராச்சும் வான்னு கூப்பிடுதானா?"

அவன் பேப்பரைத் துணிமேலிருந்து எடுத்து ஓரமாக வைத்தான்.

"அவியள ஏன் ஏசுத? அவிய ஊர விடல, ஊரும் அவியள விடல," என்றான். துணியை எடுத்து ஒரு மடிப்பு மடித்தான். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டான்: "நானுந்தான விடல?"