பனிக்குள் ஒரு கடகட

ராத்திரி முழுக்க மழை. ஞாயிறு காலை ஸ்பிரிங்வெளித் தோட்டம் பனிக்குள் மிதக்கிறது. தேயிலையும் பாதையும் தெரியவில்லை. நானும் பாதித் தூக்கத்தில் நடக்கிறேன். திடீரென்று எங்கோ கடகடவென்று சத்தம். மண்சரிவேதான்! செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஐம்பது வயதுத் தொந்தி குலுங்க ஓடுகிறேன். பனியில் திசை தெரியாமல் சத்தத்தை நோக்கியே ஓடியிருக்கிறேன் என்பது மைதானத்துக்குள் போய் நின்றபிறகுதான் புரிகிறது.

தேயிலைப் பெக்டரியில் மெசின் பழுதுபார்க்கும் பிட்டர்மார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, சீமெந்து நிரப்பிய பீப்பாயைக் கடகடவென்று உருட்டி கிரிக்கெட் பிட்ச்சைச் சமப்படுத்துகிறார்கள்.

"மண்ணு சரியுது, ஓடுங்க!" என்கிறேன், இன்னும் பதற்றம் அடங்காமல்.

"கெழம பூரா மெசினோட கெடக்கிறோம். ஒரு நா பீப்பா உருட்டக் கூடாதாண்ணே?" என்கிறார் ஒரு பிட்டர்.

எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துக்கொண்டே செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொள்கிறேன்.

"நம்ம பேட்ஸ்மேனுக்குக் கால் சுளுக்கு. நீங்கதான் நல்லா ஓடுறீங்களே, அவருக்குப் பதிலா ஓட ரன்னரா நில்லுங்க" என்கிறார் அதே பிட்டர்.

நிற்கிறேன். ஆட்டம் தொடங்குகிறது. பேட்ஸ்மேன் அடித்த பந்து பனிக்குள் கரைகிறது. எங்கே விழுந்ததென்று எல்லாரும் மூச்சடக்கிக் கேட்கிறார்கள்.

"ஓடுங்கண்ணே!"

எதிர் விக்கெட் எங்கே என்று தெரியாமலே அந்த வெள்ளைக்குள் ஓடுகிறேன்.