மூக்குக்குள் போன விரல்

எழுதவே அருவருப்பாக இருக்கிறது. ஆனாலும் சிறுபிள்ளைகள் உள்ள வீடுகளுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் ஐந்து வயது மகள் எந்நேரமும் மூக்குக்குள் விரலை விட்டுத் தோண்டுவாள். தோண்டியதை வாயில் வைப்பாள். நான் அதட்டினால் என் கணவர் போனில் பார்த்த வீடியோவைச் சாட்சிக்கு இழுப்பார். "விடுமப்பா. அதைத் தின்னுற பிள்ளையளுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி கூடுமாம்." நானும் நம்பி வாயை மூடிக்கொண்டேன்.

இந்தச் சிறுபோக அறுவடை முடிந்து எங்கள் ஊர் ஸ்கந்தபுரத்தில் வீதியோரம் நெல் காயவிட்டோம். அவள் அந்த நெல்லுக்குள்ளேயே விளையாடினாள். நெல்லின் சுணை பட்டு மூக்கு அரிக்க, அழுக்கு நகத்தால் நாள் முழுக்கத் தோண்டினாள். மறுநாள் தலையணையில் இரத்தம். மூன்றாம் நாள் மூக்கு நுனி சிவந்து வீங்கி, உள்ளே மஞ்சளாகச் சீழ் கட்டிவிட்டது. காய்ச்சலும் அடித்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"நகம் பட்டுக் கிழிஞ்ச இடத்தில கிருமி தொத்தியிருக்கு. நல்லகாலம், வேளைக்குக் கொண்டுவந்திட்டியள்," என்றார் டொக்டர். நான் எதிர்ப்புச் சக்தியைப் பற்றிக் கேட்டேன். "ஆர் சொன்னது? அப்பிடி ஒண்டும் நிரூபிக்கேல்லை. புண் வாறதைத்தான் நாங்கள் பாக்கிறம்."

கேட்டீர்களா என்பதுபோல் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கதிரையில் இருந்து கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். சுட்டுவிரல் மூக்குக்குள் இருந்தது.

இப்போது ஞாயிறுதோறும் மகளுக்கு நகம் வெட்டுகிறேன். நெல்லில் விளையாடினால் உடனே கை கழுவ வைக்கிறேன். அவருக்கும் அதே சட்டம்தான். இரண்டு கையையும் விரித்துக் காட்டாமல் சோற்றுப் பானைக்குக் கிட்டவே விடுவதில்லை.