கடலை மாவுக் குளியல்

அடியாத மாடு படியாது என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். என் மகளை நான் அடித்ததெல்லாம் சொறிந்ததற்காகத்தான். அவளுக்கு நான்கு வயது. முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் எக்ஸிமா என்கிற அரிப்புப் புண். தூக்கத்தில் சொறிந்து தலையணை உறையை ரத்தமாக்குவாள். விழித்திருக்கும்போது கை அந்தப் பக்கம் போனால் பட்டென்று புறங்கையில் ஒன்று வைப்பேன். சில நாள் தோசைக் கரண்டியால்.

தொண்ணூறுகளின் கடைசியில் அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் பிளெய்ன்ஸ்பரோவில் ஓர் அபார்ட்மென்டில் இருந்தோம். பக்கத்து ஊர் மருந்துக் கம்பெனி ஒன்றின் லேபில் எனக்கு வேலை. வேலையே தோல் அழற்சிதான். எலியின் முதுகை மழித்து, பிளாஸ்திரி ஒட்டிப் பிய்த்துத் தோலை ரணமாக்கி, அதன்மேல் முட்டைப் புரதத்தை வைத்துக் கட்டுவேன். சில நாள் விட்டு மறுபடி. கொஞ்ச வாரத்தில் எலியின் உடம்பு அந்தப் புரதத்தைப் பகையாளி என்று முடிவுகட்டி ஆன்டிபாடி தயாரித்துவிடும். அவை தோலிலும் மூச்சுக்குழலிலும் இருக்கும் மாஸ்ட் செல்களின் மேலுள்ள ரிசெப்டர்களில் போய் உட்கார்ந்து காத்திருக்கும். அதே புரதம் அடுத்த தடவை வந்து தொட்டதும் அந்த செல்கள் ஹிஸ்டமினைக் கக்கும். தோல் தடிக்கும், மூச்சுக்குழல் இறுகும். அந்த ரிசெப்டரை எப்படி அடைப்பது என்பதுதான் எங்கள் கேள்வி. பார்ட்டியில் யார் கேட்டாலும் அரை மணி நேரம் விளக்குவேன்.

வீட்டில் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். வெள்ளிக்கிழமை லீவு கிடையாதே! சோப்பு ஆகாது என்று கடலை மாவைக் குழைத்துத் தேய்ப்பேன். புண்ணில் பட்டதும் அலறுவாள். இரண்டு முழங்காலுக்கு நடுவே அவளை இடுக்கிக்கொண்டு செதில் உதிரும்வரை தேய்ப்பேன்.

"விடேன், பாவம். குளிப்பாட்டறியா, பாத்திரம் தேய்க்கறியா?" என்று கணவர் கதவுக்கு வெளியே நின்று கத்துவார்.

"அப்ப நீங்க வந்து பண்ணுங்க!" என்பேன். வரமாட்டார்.

ஒரு சனிக்கிழமை என் மணிக்கட்டைக் கடித்துவிட்டாள். பல் பதிந்து ரத்தம் வந்தது. கன்னத்தில் ஓங்கி அறைந்தேன்.

"ஸ்டாப், அம்மா! இட் பர்ன்ஸ்!" என்று கதறினாள்.

முதுகெல்லாம் தடிப்பு எழும்பியது. தேய்த்ததால் என்று நினைத்தேன். உதடு வீங்கியது. அறைந்ததால் என்று நினைத்தேன். இருமினாள். "நடிக்காத" என்று அதட்டி இன்னொரு கை மாவை எடுத்தேன். அப்போது அலறல் நின்றது. வாய் திறந்தபடியே இருந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

கணவர் கதவை உதைத்துத் திறந்து 911 அடித்தார். ஆம்புலன்ஸில் வந்தவன் மாவு அப்பியிருந்த தொடையிலேயே ஊசியைக் குத்தினான்.

தோலில் என்ன போட்டீர்கள், எத்தனை நாளாக என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். கடலை மாவு, வாரம் ஒரு தடவை, ஒரு வருஷமாக என்றேன். சொல்லும்போதே எனக்கு உறைத்தது. ரணமான தோல், அதன்மேல் புரதம், சில நாள் விட்டு மறுபடி. எலிகளுக்கு நான் செய்துகொண்டிருந்த அதே வேலை. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில். வந்த ஆத்திரத்தில் என் கையை நானே வெட்டிப் போடலாம் போலிருந்தது.

பிழைத்துவிட்டாள். சாயங்காலம் அவளுக்கு ஜூஸ் வாங்கிக்கொண்டு திரும்பியபோது, கட்டிலைச் சுற்றியிருந்த திரைக்கு அந்தப் பக்கம் நர்ஸிடம் ரகசியக் குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஐ ஸ்க்ராட்ச்ட் இட் எ லிட்டில். ப்ளீஸ் டோன்ட் டெல் மை மாம்."

சொல்ல மாட்டேன் என்று நர்ஸ் சத்தியம் செய்துகொடுத்தாள். திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போக எனக்குத் துணிச்சல் வரவில்லை.