போலாரத்தில் தூர்ந்த கடல்

காலை ஆறேகாலுக்குச் சென்னை ரயில் என்னைச் சிகந்தராபாத்தில் இறக்கிவிட்டது. போலாரத்துக்கு ஆட்டோக்காரர் நானூறு ரூபாய் கேட்டார். முந்நூற்றைம்பது என்றதும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். அதுவே எனக்கு உறுத்தியது. திருமுல்கேரிப் பக்கம் வண்டியைத் திருப்பியதும், சுற்றிக்கொண்டு போகிறாரோ என்று கைபேசியில் வழி பார்த்தேன். இதுதான் பாதையா என்று கேட்டால் "ஹவ்" என்கிறார். எதைக் கேட்டாலும் அந்த ஊர் ஆமாம்தான். ராணுவ மதில்கள் கூடவே ஓடிவந்தன. பன்னிரண்டு கிலோமீட்டர், நேர்வழிதான்.

நான் திருச்சியில் புவியியல் சொல்லிக்கொடுப்பவள். பொய் சொல்லும் பழைய வரைபடங்கள்மேல் எனக்குப் பைத்தியம். அதிலும் ஒரு பொய்யைப் பல வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன். வட அமெரிக்காவின் குறுக்கே, மேற்குக் கடலிலிருந்து கிழக்குக் கடல்வரை, நடுவில் ஒரு கடலோடு ஒரு நீர்வழி. எந்தக் கப்பலும் அதில் போனதில்லை. போக அங்கே தண்ணீரே இல்லை. இருந்தும் யாரோ சொன்னதை நம்பி ஐரோப்பாவில் வரைந்து வரைந்து விற்றார்கள். நம்மவர்களும் பாற்கடல், தயிர்க்கடல் என்று வைத்திருந்தார்கள்தான், ஆனால் பால் மொள்ளக் கப்பல் கட்டவில்லை.

அந்த நீர்வழியுள்ள வரைபடம் ஒன்று விலைக்கு வருவதாக, சென்ற மாதம் ஒரு புகைப்படம் வந்தது. விற்பவர் வரதராஜன், பாதுகாப்புத் துறையில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் வேலூர். பழைய பங்களா ஏலத்தில் அப்பா வாங்கிய மேஜையில் கிடைத்ததாம். விற்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரு பங்களா ஏலம் இருக்கும். நான் நம்பவில்லை.

எட்டு மணிக்குத் தன் வீட்டில் வரதராஜன் வரைபடத்தை விரித்தார். நடுவே மடிப்பு, ஓரத்தில் அச்சடித்த செப்புத்தகடு அழுந்திய தடம், எல்லாம் சரி. ஆனால் கடலைக் காணோம். இருந்த இடத்தில் மலையும் காடுமாக நிலம். சரக்கை மாற்றிவிட்டார்கள் என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது. புகைப்படத்தில் இருந்த கடல் எங்கே என்று கேட்டேன்.

"அது தப்பும்மா," என்றார் பெருமையாக. "அங்க கடலே கெடையாது. விக்கிற சாமான்ல தப்பு இருக்கலாமா? நாளைக்கு யாராவது இத நம்பிக் கப்பல் விட்டா?"

மூன்று வாரம் உட்கார்ந்து, பழுப்பு மையைத் தானே கலக்கி, பூதக்கண்ணாடி வைத்து நிலம் போட்டிருக்கிறார். அலுவலகத்தில் ஒரு தவறான கோடுகூட அவர் மேஜையைத் தாண்டிப் போனதில்லையாம். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். மலைகளுக்கு அடியில் பழைய அலைக்கோடுகள் மங்கலாக ஓடின. அசல்தான். போலி செய்கிறவன் காசு தரும் பொய்யை அழிப்பானா? பல வருடம் நான் தேடிய பொய்யை மூடிவிட்டார். அழுகைகூட வந்தது.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாக இருக்கிறது என்றேன். பாதி விலைக்குப் பேரம் பேசும் எண்ணத்தோடு வந்தவள், சொன்ன விலையையே கொடுத்தேன். அட்டைக்குழாயில் சுருட்டித் தந்தவர், இனி இது யாரையும் ஏமாற்றாது என்றார்.

கேட்வரை அவர் மனைவி வந்தார். நாற்பது வருடம் போலாரத்தில் குடும்பம் நடத்தியவர்.

"நக்கோ, அதுல கை வெக்காதீங்கன்னு தலைபாடா அடிச்சிக்கினேன். நெஜத்தச் சொல்லுங்க. கெடுத்துட்டாரா?"

"இல்லைங்க. நல்லாச் சரிபண்ணியிருக்கார்."

காலையில் ஆட்டோக்காரரை நான் பார்த்தேனே, அதே மாதிரி அந்த அம்மாள் சந்தேகமாக என்னைப் பார்த்தார். குழாயை அணைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் வந்த முதல் ஆட்டோவில் ஏறிவிட்டேன். எவ்வளவு என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.