ஜமுக்காளத்தின் மேல் ஒரு பல்டி

உடற்கல்விப் படிப்பில் எனக்குப் பிடித்த கேள்வி ஒன்று உண்டு: ஜிம்னாஸ்டிக்ஸ் வளர்ந்த கதையை எழுதுக. கிரேக்கத்தில் ஆரம்பிப்பேன். ஜெர்மனியில் ஒரு வாத்தியார் திறந்தவெளியில் கம்பிகளை நட்டுப் பையன்களைத் தொங்கவிட்டது, வெகுகாலம் கழித்துப் பெண்களையும் போட்டியில் சேர்த்தது எல்லாம் வரிசையாக வரும். கடைசிப் பத்தியைத்தான் அழுத்தி எழுதுவேன். வெறுந்தரையில் தொடங்கியது மெல்லிய பாயாகி, தடித்த மெத்தையாகி, கடைசியில் ஸ்பிரிங் வைத்த தளமானது. தாண்டுவதற்கு வைத்திருந்த, குதிரை என்று அழைக்கப்பட்ட ஒடுக்கமான கட்டையில் பலர் அடிபட்ட பிறகு அதை அகலமான மேசையாக மாற்றினார்கள். யாராவது விழுந்த பிறகுதான் இந்த விளையாட்டுக்குப் புத்தி வந்திருக்கிறது என்று முடிப்பேன். நல்ல மார்க் போட்டார்கள். படித்து என்ன பிரயோஜனம்!

சங்கரன்கோவிலில் பி.டி. டீச்சராகச் சேர்ந்தபோது பள்ளிக்கூடத்தில் இரண்டு வாலிபாலும் ஒரு விசிலும் இருந்தன. மெத்தை கேட்டு எழுதி எழுதிக் கை ஓய்ந்துபோனது. எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே கையை ஊன்றிப் பல்டி அடிப்பாள். அவளுடைய அம்மாவுக்கு விசைத்தறிக் கூடத்தில் வேலை. நான் மெத்தைக்குப் புலம்பியதைக் கேட்டு, தறியில் மிஞ்சும் கழிவு நூலைச் சாக்குச் சாக்காகக் கட்டிக் கொண்டுவந்து இறக்கினார். எட்டுச் சாக்குகளைச் சேர்த்துத் தைத்தோம். எண்ணெய்க் கறையும் வாடையுமாக இருக்கும், ஆனால் விழுந்தால் வலிக்காது. அதன் மேல்தான் அந்தப் பிள்ளை பின்பல்டி பழகினாள். விளையாட்டு விடுதித் தேர்வுக்கு அவள் பெயரை அனுப்பினேன். எடுத்துக்கொண்டால் தங்க இடம், சாப்பாடு, நல்ல பயிற்சியாளர் எல்லாம் கிடைக்கும். தாயும் மகளும் நாள் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஆண்டு விழா வந்தது. அவளை மேடை ஏற்ற வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசை என்ன ஆசை, பவிசு. டீச்சர் உருவாக்கிய பிள்ளை என்று நாலு பேர் சொல்ல வேண்டும். விருந்தினர்கள் உட்கார்ந்திருக்க, போட்டோ எடுக்கிற மேடையில் அழுக்குச் சாக்கு கிடந்தால் நன்றாகவா இருக்கும்? அதை நானே திரைக்குப் பின்னால் தள்ளிவிட்டு, மேடைப் பலகை மேல் சிவப்பு ஜமுக்காளத்தை விரித்தேன்.

அவள் காலால் அதைத் தேய்த்துப் பார்த்தாள். "டீச்சர், வழுக்குது. மெத்த இல்லாம பயமா இருக்கு டீச்சர்."

"ஏட்டி, உனக்கென்ன பயம்? ஒரே ஒரு பல்டி. அடிச்சிட்டு வா மக்கா" என்றேன். மக்கா என்று வேறு சொன்னேன், பாவி.

அடித்தாள். காலை உதைத்து எழும்பும்போதே ஜமுக்காளம் நழுவியது. பாதிச் சுற்றில் கை மடங்க விழுந்தாள். முழங்கை முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

அவள் அம்மா தறிக்கூடத்திலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார். தலையெல்லாம் பஞ்சு. "மெத்த போட்டிருந்தியளா டீச்சர்?" என்று என்னிடம் கேட்டார்.

"போட்டிருந்தோம்" என்றேன். வாய் தவறி வந்தது என்று சொல்லமாட்டேன். வேலை போய்விடுமே என்று யோசித்துத்தான் சொன்னேன். ஜமுக்காளத்துக்கு அடியில் மெத்தை இருந்ததென்றுதான் பார்த்தவர்களும் நினைத்திருந்தார்கள். கட்டிலில் கிடந்த பிள்ளை என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு அம்மா பக்கம் திரும்பி, "ஆமாம்மா, போட்டிருந்தாவ. நாந்தான் சரியா எறங்கல" என்றாள். பதின்மூன்று வயசுப் பிள்ளை, அந்த வலியிலும் என்னைக் காப்பாற்றினாள். தூ, நானும் ஒரு டீச்சர்!

எலும்பு கூடியது. கை முழுசாக நீளவில்லை. நீளாத கையை ஊன்றித் தலைகீழாக நிற்க முடியாது. விடுதி போச்சு, பல்டியும் போச்சு. இப்போது பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறாள். வராந்தாவில் என்னைக் கண்டால் வணக்கம் சொல்கிறாள். நான்தான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் திருவேங்கடம் ஊருக்குப் போகும் பஸ்ஸுக்கு நின்றபோது அவள் அம்மா எதிரே வந்தார். ஒதுங்கப் பார்த்தேன். விடவில்லை, வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், ரொம்ப நாளா ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு நெனைக்கேன். நான் கொண்டாந்த கழிவு நூலு அமுங்கிக் கெட்டியாப் போயிருக்கும். புதுசு மாத்திக் குடுத்திருக்கணும். நாளைக்கி நாளைக்கின்னு விட்டுட்டேன். எம்புள்ள கைய நானே ஒடிச்சுப்போட்டேன் டீச்சர்."

அத்தனை பேர் நடுவில் நின்று அழுதார். இத்தனை வருஷமாக இதைச் சுமந்திருக்கிறார். உண்மையைச் சொல்ல எனக்கு இன்னொரு நேரம் வாய்க்குமா? நாக்கு நுனி வரை வந்தது. பஸ்ஸும் வந்து நின்றது. அவர் முதுகைத் தடவிக்கொடுத்து, "அப்படியெல்லாம் நெனைக்காதீங்க, இப்படி ஆகும்னு யாரு கண்டா?" என்று ஆறுதல் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். ஜன்னலோரம் வந்து நின்று, அவர் எனக்கு நன்றி சொன்னார்.