மாமனார் ஆட்டிய தலை

கல்யாணமாகி வந்த நாள் முதல் என் மாமனார் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. கோபமெல்லாம் இல்லை. சின்னாளபட்டியில் எங்கள் வீட்டு வழக்கம் அது. பசித்தால் சுவரைப் பார்த்து, "சோறு வைக்கச் சொல்லு" என்பார். சுவர் சொல்லிவிட்டதாக வைத்துக்கொண்டு நானும் பரிமாறிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

எண்பதுகளின் நடுவில் அவருக்குக் குடல் அடைத்துக்கொண்டது. திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து, கெட்டுப்போன துண்டை வெட்டி எடுத்துத் தைத்தார்கள். மாமியார் உயிரோடு இல்லை. தீபாவளிச் சேலைகள் தறியில் கிடந்ததால் என் கணவர் பொழுது சாய்ந்துதான் வருவார். பகலெல்லாம் நான்தான் துணை.

டாக்டர் சொன்னது இரண்டே விஷயம். கையைப் பிடித்து மெல்ல நடக்க வைக்க வேண்டும். காற்றுப் பிரிகிற வரைக்கும் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. காற்றுப் பிரிந்தால்தான் குடல் வேலை செய்கிறது என்று அர்த்தமாம். சுலபமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மருமகள் மாமனாரின் கையைப் பிடிப்பதாவது! மகன் வருகிற வரை அவர் கட்டிலை விட்டு அசையவில்லை.

தினமும் காலையில் நர்ஸ் வார்டே கேட்கும்படி கேட்பார். "பெரியவரே, காத்துப் பிரிஞ்சுச்சா?"

அவர் கண் என் பக்கம் வந்துவிட்டுத் திரும்பும். ஒருநாள் நர்ஸுக்குப் பொறுமை போய்விட்டது.

"வாயத் தொறந்து சொல்லுங்கய்யா. இந்தாம்மா, நீயாச்சும் கேட்டுச் சொல்லு."

நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் சட்டென்று தலையை ஆட்டினார், பிரிந்துவிட்டது என்று. அந்தக் கேள்வி ஒழிந்தால் போதும் அவருக்கு.

மூக்கிலிருந்த குழாயை எடுத்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள், பிறகு கஞ்சி. சாயங்காலத்துக்குள் வயிறு கல் மாதிரி உப்பி, பச்சையாக வாந்தி எடுத்தார். டாக்டர் ஓடிவந்தார்.

"காத்துப் பிரிஞ்சதா யாரு சொன்னா?"

"அவருதான் சார் தலையாட்டுனாரு" என்றார் நர்ஸ்.

டாக்டர் அவரையே கேட்டார். இல்லை என்று இப்போது தலையாட்டினார்.

உள்தையல் விட்டுவிட்டது என்று மறுபடியும் திறந்து தைத்தார்கள். அந்த உடம்பு அதைத் தாங்கவில்லை. யாருக்காக, எந்த மானத்தைக் காப்பாற்றினோம் என்று இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. ஊருக்கெல்லாம் உள்ள வயிறுதானே அவருக்கும்.

கடைசி நாள் மத்தியானம் அவர் உதடு வெடித்திருந்தது. தலையைத் திருப்பினார். சுவர் இந்தப் பக்கம் இல்லை, நான்தான் நின்றேன்.

"ஏத்தா, கொஞ்சூண்டு தண்ணி குடு ஆத்தா."

அவர் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

"குடுக்கக் கூடாதாம் மாமா" என்றேன்.

துணியை நனைத்து உதட்டில் ஒற்றிவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் உதறவில்லை. என் கணவர் தறியிலிருந்து வந்து சேர்ந்தபோது அந்தக் கை சில்லிட்டிருந்தது. நான் இன்னும் விடவில்லை.